அக்ரோபோரா அடியிலிருந்து வெளுக்கிறது, எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன

தெம்பனிஸ்_தொட்டி (சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

என் கடல்நீர்ப் பவளத் தொட்டி இரண்டரை வருஷமாக ஓடுகிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம், கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 400 லிட்டர் தண்ணீர். எல்லாம் கலந்து வைத்திருக்கிறேன். அடியில் காளான் பவளமும் பொத்தான் மாதிரிச் சின்ன ஜோவாவும், நடுவில் டார்ச், ஹாமர் பவளங்கள், உச்சியில் கல்பவளங்களான ஐந்து அக்ரோபோராவும் இரண்டு மொன்டிபோராவும். இடது மூலையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு டோட்ஸ்டூல் லெதர் மென்பவளம். தொட்டிக்குள் முதலில் வந்தது அதுதான். வீட்டில் அதற்குத் 'தாத்தா' என்று பெயர்.

மூன்று வாரம் முன்பு பச்சை அக்ரோபோராவின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு. சுண்ணாம்பு அடித்த மாதிரி. சரி, நிழல் விழும் இடம் என்று விட்டுவிட்டேன். இப்போது ஒன்றரை அங்குலம் ஏறிவிட்டது. பக்கத்தில் இருக்கும் நீலத்துக்கும் தொடங்கிவிட்டது. நுனிகள் நன்றாக இருக்கின்றன, இரவில் பாலிப்பும் நீட்டுகிறது. மற்ற மூன்று அக்ரோபோராவுக்கும் ஒன்றுமில்லை. டார்ச் முன்பைவிடப் பெரிதாகப் பூத்து நிற்கிறது.

எண்கள்: உப்பு 35, வெப்பம் 26, அல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்ட எடுக்கும் கார்பனேட் அளவு) 8.3 டிகேஹெச், கால்சியம் 430, மெக்னீசியம் 1320, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.06. ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். கடந்த ஆறு மாதத்தில் அல்கலினிட்டி 8.2-க்குக் கீழேயும் போகவில்லை, 8.5-க்கு மேலேயும் போகவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

ஸ்கார்பரோ_சாம் (டொரோன்டோ)

முதலில் பூச்சியைப் பாருங்கோ தம்பி, தண்ணியைப் பிறகு பார்க்கலாம். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு கண்ணுக்குத் தெரியாது, பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும். அடுக்களைப் பீச்சுகுழாயால் தண்ணியை வேகமாக அடித்தால் செதில் மாதிரிக் கழன்று பறக்கும். வெளுத்த எலும்பின் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் முட்டைக் கூட்டம் இருக்குதா என்றும் பாருங்கோ. வட்ட வட்டமாகக் கடித்த தடம் இருந்தால் அதுதான்.

இன்னொன்று, தாத்தாவுக்கும் வெளுக்கிற இரண்டுக்கும் எவ்வளவு தூரம்?

தெம்பனிஸ்_தொட்டி

நேற்று இரவு டார்ச் வெளிச்சத்தில் (பவளம் டார்ச் இல்லை, கை டார்ச்) அரை மணி நேரம் பார்த்தேன். அடித்தும் பார்த்தேன். புழு இல்லை, முட்டை இல்லை. ஒரு சின்ன நண்டுதான் கோபமாக வெளியே வந்தது.

தாத்தாவுக்கும் பச்சைக்கும் ஒரு சாண்தான். நீலம் அதற்கு அடுத்தது. இரண்டுமே இடது பக்கம். நல்லா இருக்கிற மூன்றும் வலது பக்கம். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

கிள்ளான்_மலர் (மலேசியா, இழை நடத்துநர்)

அப்போது தாத்தாதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

மென்பவளங்களுக்கு ஓடவும் முடியாது, டார்ச், கலாக்சியா மாதிரி நீளமான கொடுக்கு இழைகளும் கிடையாது. அவற்றின் ஆயுதம் வேதிப்பொருள். தாத்தாவின் இனமான சார்கோபைட்டான், இன்னொரு மென்பவளமான சினுலேரியா இரண்டும் டெர்பீன் வகைப் பொருள்களைத் தண்ணீரில் விடும். கடலில் அதை அலை அள்ளிக்கொண்டு போய்விடும். நம் வீட்டில் 400 லிட்டரே சுற்றிச் சுற்றி வரும், போக வழி ஏது? கல்பவளம் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், சில சமயம் தோலை விட்டுவிடும். என் தொட்டியில் லெதர் மேல்தோலை உரிக்கும் நாள்களில், அந்த மெழுகுப் படலம் வருமே, அப்போது எனக்கு இதே அனுபவம் இரண்டு முறை.

லெதரும் அக்ரோபோராவும் ஒரே தண்ணீரில் இருந்தால் அந்தப் பொருள்களை உறிஞ்சும் கார்பன் எப்போதும் ஓட வேண்டும். நீங்கள் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

ஒன்று சொல்லி விடுகிறேன். கலந்து வைப்பதே தப்பு என்று சிலர் வருவார்கள். அப்படி இல்லை. நுண்ணுயிர்கள் வாழும் உயிர்ப் பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்து வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்த்த லீ சின் எங், 1960-களின் தொடக்கத்தில் நமக்குப் பக்கத்து ஜகார்த்தாவில் இருந்தவர். அவரிடம் அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மருமில்லை, எல்இடியுமில்லை. எது கிடைத்ததோ அதைக் கலந்துதான் வைத்தார்கள். கலந்த தொட்டிக்கு இடைவெளி முக்கியம், அவ்வளவுதான். ஹாமரும் அதன் உறவான ஃபிராக்ஸ்பானும் ஒட்டி நின்றாலும் பெரும்பாலும் சண்டை வராது, டார்ச்சை அவற்றோடு ஒட்டி வைத்தால் காலையில் யாராவது ஒருவர் பாதி உருகியிருப்பார்.

தெம்பனிஸ்_தொட்டி

கார்பன்... ரெண்டு மாசம் இருக்கும் அக்கா. திட்டாதீங்க.

புது_உப்பு (சென்னை)

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நானும் இப்படி ஒரு தொட்டி வைக்க ஆசைப்படுகிறேன். 3 அடி வாங்கிவிட்டேன். சென்னையில் அக்ரோபோரா எங்கே கிடைக்கும்? ராமேஸ்வரம் பக்கம் ஒருவர் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார், விலையும் குறைவு.

கொளத்தூர்க்காரன் (சென்னை)

தம்பி, அந்த ஆளுக்கு இனி போன் செய்யாதே.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-ல் 2001-லிருந்து கல்பவளம் மொத்தமும் இருக்கிறது. கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் எல்லாம் அதில் உண்டு. புலியும் அதே அட்டவணைதான். நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும், வாங்கினாலும், வைத்திருந்தாலும் குற்றம். செத்த பவளக்கல்லுக்கும் அதே சட்டம்தான். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஆவணம் வேண்டும், கல்பவளம் எல்லாம் அதன் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது.

நான் கொளத்தூரில் பதினைந்து வருஷமாக மீன் வாங்குகிறவன். என் தொட்டியில் ஜோவா, காளான், ஒரு ஜோடி கோமாளி மீன். அவ்வளவுதான். முழுத் தொட்டியும் ஆடிக்கொண்டே இருக்கும், வருகிறவர்கள் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. இங்கே படம் போடும் சிங்கப்பூர், கனடா ஆட்களைப் பார்த்து ஏங்காதே. தண்ணீரை முதலில் பழகு.

முத்துநகர் (தூத்துக்குடி)

கொளத்தூர் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க. நான் மன்னார் வளைகுடாவில் முக்குளிக்கிறவன். எங்க ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் பவளக்கல்லை வண்டி வண்டியா வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில போட்டாங்க. வீடு கட்டவும் போட்டாங்க. சட்டம் வந்த பிறகும் சில வருஷம் இழுத்துத்தான் நின்னுச்சு. அலையைத் தடுக்கக் கல் இல்லாம போனதும் தீவு கரைஞ்சுது. தேசியப் பூங்காவில் 21 தீவுன்னு எழுதியிருப்பாங்க. அதுல விலாங்குசல்லித் தீவு இப்போ தண்ணிக்கு அடியில கிடக்கு, அதுக்கு மேல படகு போகும்.

அதனால யாராவது 'ஒரே ஒரு துண்டுதானே' என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கும். மன்னிக்கவும், இழையைத் திசை திருப்பிட்டேன். தெம்பனிஸ், மேலே சொல்லுங்க.

புது_உப்பு

புரிந்தது அண்ணா. ஜோவாவிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்கார்பரோ_சாம்

மலர் அக்கா சொல்லுறதில் பிழையில்லை, கார்பனை இண்டைக்கே மாத்துங்கோ. ஆனால் எனக்கு அந்த நோட்டுத்தான் இடிக்குது. ஆறு மாதமாக 8.2-க்கும் 8.5-க்கும் நடுவில். ஐந்து அக்ரோபோரா வளருகிற தொட்டியில் இவ்வளவு வடிவான நோட்டு நான் கண்டதில்லை. ஹன்னா செக்கர் சோதனைக் கருவியே 0.3 முன்னே பின்னே காட்டுமே.

எப்போதும் ஞாயிறு காலை பத்து மணிதானா? வேறே நேரம் பார்த்ததே இல்லையா? ஒரு நாள் முழுக்க நாலு தடவை பாருங்கோ. ராத்திரியும் எழும்ப வேணும்.

அல்கலினிட்டிக்குச் சோடாவைத் தானாக விடுகிற டோசர் பம்பு என்ன கணக்கில் ஓடுது என்றும் எழுதுங்கோ.

தெம்பனிஸ்_தொட்டி

டோசர் ஒரு நாளைக்கு 24 முறை, மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடும். இரண்டு வருஷமாக அப்படித்தான். சரி, நாளைக்கு லீவு, பார்த்துவிட்டு வருகிறேன்.

தெம்பனிஸ்_தொட்டி (இரண்டு நாள் கழித்து)

உட்கார்ந்து படியுங்கள்.

காலை 10 மணி: 8.4
மாலை 6 மணி: 7.6
இரவு 11 மணி: 7.2
விடியற்காலை 3 மணி: 8.9

மூன்று மணிக்கு 8.9 வந்ததும் சோதனைக் குப்பியைக் கழுவி மறுபடி பார்த்தேன். அதே 8.9. சமையலறையில் நின்றுகொண்டே டோசர் ஆப்பைத் திறந்தேன். 'ஒரு நாளைக்கு 1 முறை, நேரம் 02:00' என்று இருக்கிறது.

நடந்தது இதுதான். ஐந்து வாரம் முன்பு வயரிங் வேலைக்காக வீட்டில் நாலு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினோம். வந்ததும் டோசரின் அமைப்பெல்லாம் அழிந்துபோய் நின்றது. நான் அவசரத்தில் ஒரு நாள் அளவை மட்டும் போட்டேன், எத்தனை முறை என்பதைப் பார்க்கவில்லை. மொத்தச் சோடாவும் இரவு இரண்டு மணிக்கு ஒரே மூச்சில் இறங்கியிருக்கிறது. பத்து மணிக்கு நான் பார்க்கும்போது கொஞ்சம் இறங்கி, சரியாக என் நோட்டுக்கு வேண்டிய எண்ணில் வந்து நிற்கிறது.

இன்னொன்று. டோசர் குழாய் சம்ப்பில், தண்ணீரை மேலே தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பு இருக்கும் அறையில் விழுகிறது. ரிட்டர்ன் வாய் மேலே இடது பக்கம். பச்சைக்கு நேர் எதிரே.

ஸ்கார்பரோ_சாம்

நான் சொன்னேனே!

இனிக் கணக்கைப் பாருங்கோ. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1.8 டிகேஹெச் குடிக்கிற தொட்டி. 100 லிட்டரில் 1 ஏற்ற ஆப்பச் சோடா என்றால் 3 கிராம் வேணும். 400 லிட்டருக்கு 1.8 என்றால் 21 கிராம் சொச்சம். அடுப்பில் வறுத்துச் சோடியம் கார்பனேட்டாக ஆக்கினதென்றால் எடை குறையும், ஆனால் பிஹெச்சைத் தூக்கி அடிக்கும். அவ்வளவையும் நடு ராத்திரியில், லைட் இல்லாமல் பவளம் குறைவாகக் குடிக்கிற நேரத்தில், நேரே மூஞ்சியில் பீச்சினால்? அடிப்பக்கம் தோல் மெல்லிசு, அங்கேதான் முதலில் விடும்.

ஒரு நாள் இப்படி நடந்தால் தாங்கும். ஐந்து வாரம், 35 ராத்திரி.

கிள்ளான்_மலர்

சாம் அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ரிட்டர்ன் வாயும் தாத்தாவும் ஒரே பக்கம்தானே? கார்பன் ரெண்டு மாசம் பழசு, டோசர் ஐந்து வாரம். இரண்டில் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஏற்ற இறக்கம் மட்டும் என்றால் வலது பக்கத்து மூன்றும் கொஞ்சமாவது காட்டியிருக்க வேண்டும். எண் தொட்டி முழுக்க ஒன்றுதான்.

ஸ்கார்பரோ_சாம்

எண் கலந்த பிறகுதான் ஒன்று அக்கா. கலக்கும் வரைக்கும் இடது பக்கம் வேற தண்ணி.

தெம்பனிஸ்_தொட்டி

நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள். நான் கார்பனையும் மாற்றிவிட்டேன், டோசரையும் 24-க்கு மாற்றிவிட்டேன்.

இப்போது கேள்வி: 8.9-ஐ உடனே இறக்கணுமா? வெளுத்த இரண்டையும் என்ன செய்ய?

கிள்ளான்_மலர்

இறக்க ஒன்றும் செய்யாதீர்கள், தண்ணீரும் மாற்ற வேண்டாம். பிரித்துப் போட்டாலே 8-ஐ ஒட்டித் தானாக வந்து நிற்கும். கால்சியமும் சோடாவும் ஒரே நிமிஷத்தில் ஒரே இடத்தில் விழக் கூடாது, பால் மாதிரி வெள்ளையாகத் திரிந்துவிடும். அரை மணி நேரம் தள்ளி வையுங்கள். டோசர் குழாயை ரிட்டர்ன் அறையிலிருந்து எடுத்து ஸ்கிம்மர் அறையில் விடுங்கள், பம்புக்கு வருவதற்குள் கலந்துவிடும்.

வெளுத்த இரண்டையும் வெட்டத்தான் வேண்டும். கோட்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து வெட்டுங்கள். நெருங்கி வெட்டினால் கோடு கூடவே வரும். எலும்பு வெட்டும் கத்தரி, ஜெல் சூப்பர் பசை போதும். ஒட்டியதை உச்சியில் வைக்காமல் ஒரு வாரம் கொஞ்சம் கீழே வையுங்கள்.

பாறையை நகர்த்தினால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உங்கள் கீழ்ப் பாறையில் ஜோவா இருக்கிறது. சில ஜோவாவிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, தெறித்துக் கண்ணில் பட்டால் பெரிய விபரீதம். அந்தக் கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் இறங்காதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்து வீடே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. புது_உப்பு, இது உங்களுக்கும்தான்.

கொளத்தூர்க்காரன்

ஒரு சந்தேகம். டோசர் இல்லாமல் சுண்ணாம்புத் தண்ணீரே போடலாமே? என்னிடம் கல்பவளம் இல்லை, சும்மா கேட்கிறேன். கால்க்வாசர் என்று ஜெர்மன் பெயரில் விற்பது நம் வெற்றிலைச் சுண்ணாம்புதானே? எங்கள் பாட்டி டப்பாவில் வைத்திருந்தது.

ஸ்கார்பரோ_சாம்

அதேதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் பாட்டியின் டப்பாவைத் தொட்டியில் கவிழ்க்காதேங்கோ, வாசனைக்கு என்ன கலந்தார்களோ தெரியாது. ஊறுகாய்க்கு விற்கிற உணவுத் தரத் தூள் இங்கே கிடைக்கும், நான் அதுதான் போடுறேன்.

ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணியில் ஒன்றரை கிராமுக்கு மேல் கரையாது. மிச்சம் அடியில் தங்கும், தெளிந்ததை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேணும். பிஹெச் 12-க்கு மேலே. ஆவியாகிற அளவுதான் போட முடியும், அதுதான் அதன் கட்டுப்பாடு. தெம்பனிஸ் தொட்டியில் நாளைக்கு 5 லிட்டர் ஆவியானால் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணியாக ஊத்தினாலும் 1.4 டிகேஹெச்தான் வரும். மிச்சம் 0.4-க்கு டோசர் வேணும். ஆனால் கால்சியமும் அல்கலினிட்டியும் சேர்ந்தே போகும், ஒன்று ஏறி ஒன்று இறங்குகிற தலையிடி இல்லை.

எனக்கு அது பிஹெச்சுக்காகவே வேணும். இங்கே தை மாதத்தில் ஜன்னல் திறக்க ஏலாது, வீட்டுக்குள் நாலு பேர் மூச்சு விட்டு பிஹெச் 7.8-க்கு இறங்கும். ஸ்கிம்மருக்குக் காற்று இழுக்கிற குழாயைச் சுவரில் துளை போட்டு வெளியே விட்டிருக்கிறேன். மனிசி இன்னும் அந்தத் துளையைப் பற்றிப் பேசுறா.

முத்துநகர்

பவளத்தை எரிச்சுச் சுண்ணாம்பு எடுத்த ஊர்க்காரன் நான். நீங்க சுண்ணாம்பு ஊத்திப் பவளம் வளர்க்கிறீங்க.

தெம்பனிஸ்_தொட்டி

எங்களுக்கு ஜன்னல் பிரச்சினை இல்லை, சூடுதான் பிரச்சினை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் விட்டால் தொட்டி மதியம் 31-ஐத் தொடும். 2024-ல் உலகம் முழுக்கப் பவளம் வெளுத்தபோது இங்கே தீவுப் பக்கமும் வெளுத்தது. என் பவளம் 26-ல் ஏசி போட்டுக்கொண்டு படுத்திருந்தது. அந்த மின்கட்டணத்தை நான் வீட்டில் காட்டுவதில்லை.

ஞாயிறு வெட்டுகிறேன். பச்சையிலிருந்து நாலு துண்டு தேறும் போலிருக்கிறது.

ஜோகூர்_ஜோ (ஜோகூர் பாரு)

ஒரு துண்டு எனக்கு வையுங்க அண்ணே, சனிக்கிழமை வந்து பையில போட்டு எடுத்துக்கிறேன்.

கிள்ளான்_மலர்

ஜோ, பாலத்தைத் தாண்டினால் அது ஏற்றுமதி. கல்பவளத்துக்கு இரண்டு பக்கமும் சைட்டிஸ் அனுமதி வேண்டும். கட்டைவிரல் அளவுத் துண்டானாலும் சரிதான். இந்த இழையில் இந்தப் பேச்சு வேண்டாம்.

தெம்பனிஸ்_தொட்டி (ஆறு வாரம் கழித்து)

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

பச்சையிலிருந்து நாலு துண்டு, நீலத்திலிருந்து இரண்டு வெட்டினேன். நீலத்தில் ஒன்று மூன்றாம் நாளே மொத்தமாகத் தோல் உரிந்து போய்விட்டது. கோட்டுக்கு நெருங்கி வெட்டியது அது, மலர் அக்கா சொன்னதைக் கேட்காததற்கு. மற்ற ஐந்தும் நிற்கின்றன. பச்சைத் துண்டுகளில் மூன்று பசையின் மேலே படர ஆரம்பித்துவிட்டன, விளிம்பில் ஊதா நிறமாக ஒரு நூல் அளவு.

அல்கலினிட்டியை இப்போது ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் இரவு. 7.8-லிருந்து 8.2-க்குள் இருக்கிறது. டோசர் ஆப்பின் படத்தை அச்சடித்துக் கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், மின்சாரம் போனால் அதைப் பார்த்துப் போடுவதற்கு.

கார்பனா டோசரா என்று கேட்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிய புத்திசாலி நான்.

கிள்ளான்_மலர்

கார்பன்தான்.

ஸ்கார்பரோ_சாம்

அக்கா, விடுங்கோ. தம்பி, தாத்தா எப்படி இருக்கிறார்?

தெம்பனிஸ்_தொட்டி

நேற்றுத் தோலுரித்தார். கார்பன் இன்று காலை மாற்றினேன்.